இரண்டு பேனாக்கத்திகள்

நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிவதற்கு விசேஷமான ரசனை ஒன்றும் வேண்டியதில்லை. துருப்பிடித்த கத்தியையும் துலங்குகிற கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிறு குழந்தையும் சரியானதைத்தான் கைநீட்டிக் காட்டும். ஆனால் ஒரே நகரத்தில், ஒரே வகை எஃகைக் கொண்டு, ஒரே பரம்பரைப் பயிற்சி பெற்ற கைகளால் செய்யப்பட்டு, அளவிலும் அமைப்பிலும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கிற இரண்டு உயர்ந்த பொருள்களை முன்னே வைத்து, இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த கண்ணும் காதும் விரல் நுனியும் ஒருங்கே விழித்துக்கொள்கின்றன. எனக்கு அத்தகைய பரீட்சை 1964-ஆம் ஆண்டு, கோலார் தங்கவயலில், சரஸ்வதி பூஜையை ஒட்டிய ஒரு வாரத்தில் வாய்த்தது.

அப்போது நான் சுரங்கத்து வரைபட அறையில் புதிதாகச் சேர்ந்திருந்த டிரேசர். பூமிக்குக் கீழே பத்தாயிரம் அடி ஆழத்தையும் தாண்டி இறங்கியிருந்த சுரங்கங்களின் லெவல்களையும் குறுக்குப் பாதைகளையும், தங்கத்தை வயிற்றில் சுமந்துகொண்டு குவார்ட்ஸ் பாறை வளைந்தும் நெளிந்தும் ஓடுகிற போக்கையும், பூமிக்கு மேலே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மாவு பூசிய டிரேசிங் துணியில் கறுப்பு மையிலும் வர்ண மையிலும் தீட்டுவது எங்கள் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் பென்சில் சீவுவது அற்ப காரியமன்று. கோடு இழுக்கிற பென்சிலுக்கு உளி போன்ற முனை வேண்டும். எழுத்து எழுதுகிற பென்சிலுக்கு ஊசி போன்ற முனை வேண்டும். மையில் பிழை நேர்ந்துவிட்டாலோ, சின்ன அலகைச் சாய்த்துப் பிடித்து, துணிக்குத் தெரியாமல் மையை மட்டும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் மாக்கல் பொடியைத் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் மறுபடியும் கோடு போட வேண்டும். கத்தியின் வாய் கொஞ்சம் முரடாக இருந்தாலும் போதும், புதிய மை நூலிழைகளுக்குள் புகுந்து வேர்விட்டாற்போலப் பரவிவிடும்.

எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஓர் ஆங்கிலோ இந்தியர், தங்கவயலிலேயே பிறந்தவர், எங்களைவிடச் சரளமாக எங்கள் ஊர்த் தமிழைப் பேசுகிறவர். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் மாறிய அந்தக் காலத்தில் அவருடைய உறவினர் பலர் கடல் கடந்து போய்விட்டிருந்தனர். அவரும் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்தார். ஒருநாள் மாலை, சங்கு ஊதி எல்லோரும் எழுந்துகொண்டிருக்கையில், என் மேஜையின்மேல் இரண்டு மடக்குக் கத்திகளை வைத்தார்.

“ஒரு வாரம் ரெண்டையும் நீயே வச்சுக்கோ தம்பி. அதுல ஒண்ணு உனக்கு. எதுன்னு நீதான் சொல்லணும். இன்னொண்ணு என்னோட கப்பல் ஏறும்” என்றார்.

ஒன்று ஜோசப் ராட்ஜர்ஸ். மற்றொன்று ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். இரண்டும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு. ராட்ஜர்ஸ் கத்தியின் அலகடியில் ஒரு நட்சத்திரமும் அதனருகே ஒரு மால்டாச் சிலுவையும் பொறித்திருக்கும். அந்நகரத்துக் கத்திக்காரர் சங்கம் 1764-இல் அக்குடும்பத்துக்கு அளித்த முத்திரை அது. வோஸ்டன்ஹோமின் முத்திரை ஐ, எக்ஸ், எல் என்ற மூன்று எழுத்துகள். சேர்த்து உச்சரித்தால் ஆங்கிலத்தில் ‘நான் மிஞ்சி நிற்கிறேன்’ என்று பொருள் தரும். முன்னதற்கு ராஜ குடும்பத்தின் ஆதரவு பெருமை தந்தது. பின்னதோ அமெரிக்க வியாபாரத்தில் தழைத்து, தன் தொழிற்சாலைக்கே வாஷிங்டனின் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலில், திமிங்கில ஈட்டியின் அலகால் முகச்சவரம் செய்துகொள்ளுகிற மனிதனைக் கண்டு திகைக்கும் கதைசொல்லிக்கு உடனே நினைவு வருவது ராட்ஜர்ஸ் ஸ்தாபனத்தின் பெயர்தான். அதே ஆண்டில் லண்டன் மகா கண்காட்சிக்காக அந்த ஸ்தாபனம் செய்த நார்ஃபோக் கத்தியில் 75 அலகுகளும் கருவிகளும் உண்டு. இன்றும் ஷெஃபீல்டில் அதைக் காக்கிறார்கள். அதன் வேலைப்பாட்டை வணங்குகிறேன். ஆயினும் சட்டைப்பையில் இடங்கொள்ளாத கத்தியை மனம் கத்தியாக ஏற்க மறுக்கிறது. பெரியதொன்று, சின்னதொன்று என இரண்டே அலகு. அதற்குமேல் வேண்டுவது ஆசையே தவிர அவசியமன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மடக்குக் கத்தி நமக்கு முற்றிலும் அந்நிய வஸ்து என்று நினைத்துவிடலாகாது. ஒரு முனையில் ஓலையில் எழுதுகிற ஊசியும், மறுமுனையில் ஓலையை நறுக்கிச் சீர்ப்படுத்துகிற சிறு கத்தியும் அமைந்து, இரண்டும் மடங்கி ஒரே பிடிக்குள் அடங்கிவிடுகிற மடக்கெழுத்தாணியை நம் ஏட்டுப் புலவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். எழுத்துக்குத் துணையாகப் பிறந்த கத்தி அது. இறகுப் பேனாவைச் சீவுவதற்காக ஏற்பட்ட பேனாக்கத்தியும் அவ்வண்ணமே. ஆகவே வரைபட மேஜையின்மேல் கிடந்த அந்த இரண்டையும் பார்த்தபோது, தூரத்து உறவினரைச் சந்தித்த உணர்ச்சிதான் எனக்கு உண்டாயிற்று.

முதல் இரண்டு நாள் பென்சில் சீவியதிலேயே கழிந்தன. தீர்ப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பெரிய அலகுகளும் தேவதாரு மரத்தை ஒரே சீராகச் சுருள் சுருளாக எடுத்தன. மூன்றாம் நாள் வீட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, குறுக்கே ஒன்றால் பாதியாக்கி, அந்தப் பாதியை மற்றொன்றால் அரிந்து பார்த்தேன். அப்போது யாரோ கூப்பிட, கத்திகளைத் துடைக்காமல் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், இரவல் பொருளின் பளபளத்த அலகுகளில் மேகம் படர்ந்தாற்போல நீலமும் சாம்பலும் கலந்த கறை. மனம் பதறிப் போயிற்று. மறுநாள் தயங்கித் தயங்கிக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “கறை இல்ல தம்பி, இது கத்தி போட்டுக்கிற சட்டை. இனிமே துரு சீக்கிரம் அண்டாது” என்றார்.

அந்தச் சட்டை இரண்டிலும் ஒரே நிறமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒரே புளிப்புக்கு ஒரே விடை சொன்ன அந்த எஃகுகள் உடன்பிறந்தவையாகவே இருக்க வேண்டும். அலகைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்று தெளிந்தது.

எஃகின் பூர்வோத்தரமோ நம்மை நம் ஊருக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையிலிட்டு எஃகை உருக்குகிற முறையைக் கண்ட பிறகுதான் அந்நகரத்தின் கத்திகள் உலகப் பிரசித்தி பெற்றன. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சேலம் பக்கத்திலும் மைசூர் ராஜ்யத்திலும், இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையை மண் மூசைக்குள் வைத்து, எருக்கிலை முதலியவற்றால் மூடி, களிமண்ணால் வாயடைத்து ஊதி, உருக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கன்னடத்தில் அது ‘உக்கு’. ஐரோப்பியர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயிற்று. பம்பாயிலிருந்து சென்ற அந்த உருக்குக் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அந்த ஆராய்ச்சிக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அதை அடித்துச் செய்து காட்டியது எதை? வாளையன்று, ஈட்டியையன்று, ஒரு பேனாக்கத்தியை! இந்த உருக்கில் அவருக்கு உண்டான மோகம் பிறகு மைக்கேல் ஃபாரடேயையும் பற்றிக்கொள்ள, இருவரும் சேர்ந்து வருஷக்கணக்கில் எஃகுக் கலவைகளைப் பரீட்சித்தார்கள். தங்கவயலின் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரையைக் காணும்போதெல்லாம் இந்த விருத்தாந்தம் எனக்கு நினைவு வரும்.

அலகு கைவிட்டதால் பிடியைப் பார்த்தேன். இரண்டுக்கும் மான்கொம்புப் பிடி. ஷெஃபீல்டுக்காரர்கள் மிகவும் விரும்பி வாங்கியது இந்தியக் கடமானின் கொம்பைத்தான். உள்ளே சோறு குறைந்து கெட்டி மிகுந்திருப்பதால் அரத்துக்கும் ஆணிக்கும் அது நன்றாக ஈடுகொடுக்கும். நம் காடுகளில் உதிர்ந்து கிடந்த கொம்பு கடல் தாண்டிப் போய், பித்தளைத் தகட்டின்மேல் பொருந்தி, வெள்ளைப் பூண் இட்டுக்கொண்டு, மறுபடியும் தென்னாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. வோஸ்டன்ஹோமின் கொம்பு கருமையும் ஆழ்ந்த பள்ளங்களுமாக, புளியமரப் பட்டை போன்று கையை நிறைத்தது. ராட்ஜர்ஸினுடையது தேன் நிறத்தில், மேடுகள் தேய்ந்து மழுமழுப்பாக இருந்தது. அழகு முன்னதில்தான் என்பதை அன்றும் ஒப்புக்கொண்டேன், இன்றும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது சப்தம். கத்தித் தொழிலாளர் வழக்கில், அலகு திறந்து மூடுகையில் வில்லின்மேல் அது நகர்வதற்கு நடை என்றும், முடிவில் எழுகிற ஒலிக்குப் பேச்சு என்றும் பெயர். நம்மவர் குதிரைக்கும் சங்கீதத்துக்கும் வழங்குகிற சொல்லைக் கத்திக்கு வழங்கியிருக்கிறார்களே என்று எனக்குப் பரம சந்தோஷம். இராத்திரியில், லைன் வீடுகளெல்லாம் அடங்கிய பிறகு, விளக்கைத் தணித்துவிட்டு, இரண்டையும் மாறி மாறித் திறந்து மூடிக் காதால் பரீட்சித்தேன். வோஸ்டன்ஹோம் பாதி வழியில் செங்குத்தாக ஒரு கணம் நின்று, பிறகு கணீரென்று தாழ்ப்பாள் விழுவதுபோல மூடிற்று. ராட்ஜர்ஸ் எங்கும் நில்லாமல் வழுக்கிச் சென்று, பாக்குவெட்டி மெதுவாகப் பொருந்துகிற மாதிரி ‘டக்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. முன்னது சபையில் பேசுகிறவன் குரல். பின்னது அடுத்த நாற்காலிக்காரன் குரல். மனம் இரண்டுக்குமிடையே ஊசலாடிற்று.

சரஸ்வதி பூஜையன்று இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் புஸ்தகங்களோடு வைத்தேன், அன்று தொடக்கூடாது. விஜயதசமி கழிந்து வேலைக்குத் திரும்பிய நாள், ஒரு லெவலின் படத்தில் என் கை சற்றுப் பிசகி, கோடு ஒரு நூல் அளவு நீண்டுவிட்டது. வோஸ்டன்ஹோமின் சின்ன அலகால் பாதியைச் சுரண்டினேன்; சுத்தமாகத்தான் வந்தது. மீதியை ராட்ஜர்ஸின் சின்ன அலகால் எடுத்தேன். மை தானாகவே எழுந்து பொடியாக நகர்ந்தது. விரலுக்கு உராய்வே தெரியவில்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்: முதுகிலிருந்து வாய்வரை அந்த அலகு ஒரே சரிவாக, எங்கும் வயிறு தள்ளாமல், வெங்காயத் தோல் போன்று மெலிந்து இறங்கியிருந்தது. நான் தேடிய வித்தியாசம் அங்கே இருந்தது. அது எஃகின் குணமுமன்று, ஸ்தாபனத்தின் குணமுமன்று. ஒரு தனி மனிதன் ஒருநாள் சாணைச் சக்கரத்தின்முன் அந்த அலகைப் பிடித்திருந்த பாங்கு. வோஸ்டன்ஹோமின் அலகு அவன் கைக்குப் போயிருந்தால் நான் வோஸ்டன்ஹோமைத்தான் எடுத்திருப்பேன்.

அந்த மனிதனின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. ஷெஃபீல்டின் சாணைக்காரர்கள், குதிரைமேல் அமர்வதுபோல மரப்பலகையின்மேல் கால் பரப்பி உட்கார்ந்து, சுழலுகிற மணற்கல்லின்மேல் குனிந்தபடியே ஆயுளைக் கழித்தவர்கள். கல்லின் தூசி மார்பில் படிந்து, இளம் வயதிலேயே மூச்சு முட்டி இறந்தவர்கள் அவர்களில் அநேகர். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள் இன்னும் சீக்கிரத்தில் மாண்டார்கள். அந்நகரத்து வைத்தியர் கால்வர்ட் ஹாலண்ட் 1843-இலேயே இதைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். மணற்கல்லிலிருந்து எழுந்த தூசியும், எங்கள் ஊர்க் குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கையில் எழுந்த தூசியும் ஒன்றே, சிலிகாதான் இரண்டும். தங்கவயலின் லைன்களில் இராக் காலத்தில் கேட்கிற அந்த வறண்ட இருமலோடு வளர்ந்தவன் நான். ஆதலால் அந்தச் சின்ன அலகின் மெல்லிய சரிவைக் கண்டபோது எனக்குத் தோன்றியது வெறும் வியப்பன்று; யாரோ ஒருவன் தன் மூச்சைச் செலவிட்டு இதை எனக்குச் செய்து வைத்திருக்கிறான் என்ற நெகிழ்ச்சி.

ராட்ஜர்ஸ் என்று சொன்னேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. படத்தில் நான் சுரண்டிய இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். கத்தியைக் கையில் கொடுக்கலாகாது என்பது நம் வீட்டு வழக்கம்; கத்தியை இனாமாகக் கொடுத்தால் சிநேகம் அறுந்துபோகும், ஒரு காசாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவர் கத்தியை மேஜைமேல் வைக்க, நான் அதன் பக்கத்தில் பத்துப் பைசாவை வைத்தேன். இரண்டு வழக்கங்களும் நிறைவேறின.

போட்டியாக வாழ்ந்த அந்த இரண்டு ஸ்தாபனங்களும் 1971-இல் ஒன்றாகச் சேர்ந்து, ராட்ஜர்ஸ்-வோஸ்டன்ஹோம் என்று ஒரே பெயரைத் தாங்கின என்பதை வெகு காலம் கழித்து அறிந்தேன். எங்கள் சுரங்கங்களும் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டன. என் கத்தியை நான் தெருச் சாணைக்காரரின் சக்கரத்தில் ஒருநாளும் கொடுத்ததில்லை. தண்ணீரில் நனைத்த மென்கல்லில், அந்தப் பழைய சரிவு கெடாமல், நானே தீட்டிக்கொள்கிறேன். ஆயினும் சின்ன அலகு தேய்ந்து தேய்ந்து இப்போது பாதி அகலத்துக்கு வந்துவிட்டது. பெரிய அலகு கறுத்துப்போய், நட்சத்திரம் மங்கி, சிலுவை மட்டும் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. அதைச் சீனிவாசபுரத்து மாம்பழங்கள் வரும் மாதங்களில்தான் திறக்கிறேன்.