பெயர் கேட்காத ஆய்வும் பெயர் சொல்லும் பரீட்சையும்

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. பள்ளிப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் தேசிய அடைவு ஆய்வு நாடெங்கும் நடந்தது நவம்பர் 12 அன்று. இடைப்பட்ட நாட்களில்தான் தீபாவளியும் வந்தது. ஆய்வு நாளன்று தருமபுரி மாவட்டத்தில் வினாத்தாளை வாங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை, அதற்கு முன் பள்ளிக்கு ஒழுங்காகப் போனது ஒன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்பு கல்வித் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கழிந்தது. கைபேசி இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. முடிவு வெளிவந்தபோது மூன்று, ஐந்தாம் வகுப்புகளில் தமிழ்நாட்டின் சராசரி தேசிய சராசரிக்குக் கீழே இருந்தது. ஆசிரியர்கள் மீது பழி விழுந்தது. பள்ளி பூட்டிக் கிடந்ததன் விளைவையும் பள்ளி சொல்லிக்கொடுத்ததன் விளைவையும் அந்த எண்ணால் பிரித்துக் காட்ட முடியவில்லை என்பதை எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

இந்த ஆய்வு அமைக்கப்பட்டிருக்கும் முறையில் ஒரு நல்ல நெறி உண்டு. எல்லாப் பள்ளிகளும் இதில் சேர்வதில்லை. மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை மட்டுமே. அவற்றிலும் ஒரு வகுப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகள் எழுதுவதில்லை. 2021இல் 720 மாவட்டங்களில் சுமார் 34 லட்சம் பேர் எழுதினார்கள். 2024 டிசம்பர் 4 அன்று ‘பராக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண்’ என்ற புதுப் பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்தபோது 781 மாவட்டங்களில் சுமார் 21 லட்சம் பேர். எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் வராது, தேர்ச்சி தோல்வி கிடையாது. அளக்கப்படுவது கல்வி அமைப்புதான். ஆகவே எந்த வீட்டிலும் இதற்காக டியூஷன் வைப்பதில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை அறியாத வீடே இருக்காது. ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு வினாத்தாள்களை எழுதுகிறார்கள். மொத்தப் புள்ளி 200. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். அதைத் தாண்டும் ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும், உயர்ந்த புள்ளி பெறுபவருக்குப் பெயர்பெற்ற பாடசாலையில் இடமும் கிடைக்கும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வித் திட்டத்திலும் அதையொட்டி எழுந்த மத்திய கல்லூரிகளிலும் வேர்கொண்ட பரீட்சை இது. கிராமத்துத் திறமைசாலிக்கு வாசல் திறந்துவிடுவதே அதன் நோக்கம். அந்த வாசலில் இன்று பெற்றோர்களின் நெரிசல். மூன்றாம் தரத்திலேயே தனியார் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. 2024 செப்டம்பர் 15 அன்று நடந்த பரீட்சையின் வினாக்கள் முன்கூட்டியே கசிந்ததாக எழுந்த வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனது. மூன்று வினாக்களுக்கு எழுதிய எல்லாருக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி டிசம்பர் 31 அன்று தீர்ப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று கேள்விகளுக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் விடை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் இலங்கையிலும் பிள்ளையின் பெயரைக் கேட்காத ஆய்வு ஒன்று உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு மையம் 2003இல் நான்காம் தரப் பிள்ளைகளிடம் முதல்மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றில் அடைவை அளந்தது. பிறகு எட்டாம் தரத்துக்கும் அது விரிந்தது. முடிவுகள் மாகாணவாரியாக மட்டும் வருவதில்லை. பயிற்றுமொழி சிங்களமா தமிழா, பாடசாலை உயர்தர வகுப்பு வரையுள்ள 1ஏபி வகையா அல்லது சிறிய ஆரம்பப் பாடசாலையா என்றெல்லாம் பிரித்துக் காட்டப்படுகின்றன. எந்த வகைப் பாடசாலை பின்தங்கி நிற்கிறது, எந்த மொழியில் படிப்பவர்களுக்கு என்ன குறைகிறது என்று கேட்க இந்தப் பிரிப்பு வழி தருகிறது. பயன் மிகுந்த இந்த அறிக்கையை வீடுகளில் யாரும் பேசுவதில்லை. வெட்டுப்புள்ளியைத் தெருவே பேசுகிறது.

தமிழ்நாட்டில் திறமைசாலிகளைத் தேடும் தேர்வுகள் இல்லாமலில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பில், கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் மாவட்டத்துக்கு 50 மாணவர்களையும் 50 மாணவிகளையும் தெரிந்தெடுக்கும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. இவற்றை எழுதுவதற்குள் பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகிவிடும். விரும்பியவர்கள் எழுதலாம்; தவறவிட்டால் பள்ளி மாறாது. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் எடுத்த முடிவைக்கூட எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அரசு திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு. பத்து வயதில் ஒரு பிள்ளையைத் தரம் பிரித்து நிறுத்துவது, அதன் வீட்டு வறுமையையும் சேர்த்துத் திருத்தி மதிப்பெண் போடுவதாகும்.

ஆனால் பிள்ளைக்கு வராத போட்டி நம்மிடம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அறிக்கை வந்ததும் எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்பதே தலைப்புச் செய்தி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே குறைந்த எழுத்தறிவு தருமபுரிக்குத்தான்: 68.54 சதவீதம், மாநிலத்துக்கு 80.09. எனவே ஒவ்வொரு பட்டியலும் இம்மாவட்டத்து ஆசிரியருக்குக் குற்றப்பத்திரிகையாகவே படுகிறது. அடுத்த ஆய்வு நெருங்கினால் மாதிரி வினாத்தாள், பயிற்சித் தேர்வு, மேலதிகாரி பார்வை. அளக்க வந்த கருவிக்குப் பள்ளியே பாடம் படிக்கிறது.

மாவட்டச் சராசரி மறைப்பதும் ஏராளம். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை படிக்கும் சிறு பள்ளியும் தருமபுரி நகரத்துப் பெரிய பள்ளியும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. பென்னாகரம் பக்கத்தில் பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளை அந்த எண்ணில் எங்கே இருக்கிறது? நுவரெலியாத் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பிள்ளையின் நிலையும் மாகாணச் சராசரிக்குள் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். அங்கே பயிற்றுமொழியும் பாடசாலை வகையும் தனியாகக் கணக்கிடப்படுவதால் ஓரளவாவது அது வெளியே தெரிகிறது.

ஆகவே இரு நாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பத்து வயதில் பிள்ளையைப் பிரிக்காமலே கல்வியை அளக்க முடியும் என்பதற்கு இந்தியா சான்று. சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் பின்தங்கியவர் கண்ணில் படுவார் என்பதற்கு இலங்கை சான்று. தருமபுரியின் அடுத்த அறிக்கையில் மலைப்பள்ளிகளுக்கும், ஓராசிரியர் ஈராசிரியர் பள்ளிகளுக்கும், பெற்றோர் வெளியூர் சென்ற பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். அதற்கேற்ற அளவுக்கு மாதிரியைப் பெருக்க வேண்டும். தரவரிசைப் பட்டியலை நிறுத்திவிட்டு, எந்த வட்டாரத்தில் வாசிப்பு தடுமாறுகிறது, எங்கே கழித்தல் கணக்கு நிற்கிறது என்ற விவரத்தை அதே கல்வியாண்டுக்குள் ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும். ஆசிரியர் பணியிடங்களும் பயிற்சியும் அந்த விவரத்தைப் பின்தொடர்ந்து போக வேண்டும். பெயர் கேட்காமல் ஒரு பிள்ளையிடம் அரைநாளை வாங்கிக்கொள்ளும் அரசு, அதற்கு ஈடாக அதன் வகுப்பறைக்குக் கொடுக்க வேண்டியது இதுதான்.