குனிந்து பார்க்கும் கேமரா

ரோலிஃப்ளெக்ஸைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். எதிரே நிற்பவரை வணங்குவதுபோல இருக்கும். அதனால்தான் அவர் முகம் இறுகுவதில்லை என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இல் பிறந்த கேமரா இது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். மேலே இருப்பது நாம் பார்க்க. அதன் பின்னே சாய்ந்திருக்கும் கண்ணாடி, பிம்பத்தை மேல்திரைக்கு அனுப்பும். கீழே இருப்பது ஃபிலிமுக்கு. பக்கக் குமிழைத் திருகினால் இரண்டும் ஒரே பலகையில் சேர்ந்தே நகரும். மேலே துலங்கினால் கீழேயும் துலங்கியாயிற்று! எவ்வளவு நேர்மையான ஏற்பாடு. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, கண்ணாடியும் அசைவதில்லை. படம் எடுக்கும் கணத்திலும் முகம் திரையிலிருந்து மறையாது. மெல்லிய 'க்ளிக்' மட்டும் கேட்கும்.

திரையில் இடம் வலமாகத் தெரியும். குழந்தை வலப்பக்கம் ஓடினால் திரையில் இடப்பக்கம் ஓடும். கை பழகக் கொஞ்ச நாளாகும்.

என்னை மயக்குவது 1937இல் வந்த ஆட்டோமேட் மாடலின் உருளைகள். ஃபிலிம் சுருளின் காகிதத்தை அவற்றின் இடையே செருகிச் சுற்ற வேண்டும். காகிதத்தோடு ஃபிலிம் சேரும் இடத்தில் தடிமன் மயிரிழை கூடும். உருளை அதைத் தொட்டுணர்ந்து எண்ணியை ஓடவிடும். பேட்டரி கிடையாது. பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். கைப்பிடியை முன்னே சுழற்றிப் பின்னே திருப்பினால் அடுத்த படம் தயார். 12 சதுரங்கள், ஒரு சுருளுக்கு.