விரிசல் உள்ளே இருந்தது: அச்சிபியின் இக்போ நாவல்களும் தோப்பிலின் கடலோரக் கிராமமும்

காலனியாதிக்கத்தைப் பேசும் நாவல்களை நாம் பெரும்பாலும் ஒரு குற்றப்பத்திரிகையைப் போலவே படித்து வருகிறோம். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி (1930–2013) 1958இல் வெளியிட்ட முதல் நாவலும் அவ்வாறே படிக்கப்படுகிறது. என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்னும் பெயருடன் அது தமிழுக்கும் வந்துள்ளது. வெள்ளையர் வந்தனர், இக்போ மக்களின் வாழ்வு சிதைந்தது என்று அதன் சாரத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்பவர் நாவலின் பாதியைத் தவறவிட்டவராவார்.

ஐரோப்பியர் எழுதிய ஆப்பிரிக்க நாவல்களில் தம் மக்கள் சிந்தனையற்றவர்களாகச் சித்திரிக்கப்பட்டதைக் கண்டு, அதற்கு மறுப்பாகவே அச்சிபி எழுத வந்தார். எனினும் அவருடைய மறுப்பு வாதமாக அமையவில்லை, வாழ்க்கையாக அமைந்தது. 25 அத்தியாயங்கள் கொண்ட நாவலின் முதல் 13 அத்தியாயங்களில் வெள்ளையன் ஒரு கேலிப்பேச்சாக மட்டுமே தலைகாட்டுகிறான். அதுவரை நாம் காண்பது வழக்குகளை விசாரிக்கும் சபை, விருந்தினர் முன் உடைக்கப்படும் கோலாக்கொட்டை, சந்தையின் பெயரால் நாட்களை எண்ணும் நான்கு நாள் வாரம், பெருவள்ளிக் கிழங்கைச் சுற்றிச் சுழலும் வேளாண் ஆண்டு ஆகியவற்றையே. திருச்சி காந்தி மார்க்கெட்டில் சேனையும் கருணையும் சேம்பும் எடைபோட்டு வாங்கும் நமக்குக் கிழங்கு ஒரு கறிப்பொருள். இக்போ உழவனுக்கோ அது செல்வம், தகுதி, ஆண்மை, வழிபாடு. இந்த வேறுபாட்டை உணராத வாசகருக்கு நாயகன் ஒகொன்க்வோவின் பெருமையும் புரியாது, வீழ்ச்சியும் புரியாது.

இவ்வளவு பரிவுடன் கட்டி எழுப்பிய ஊரின் குறையை அச்சிபி மறைக்கவில்லை. இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் அவற்றைக் காட்டில் எறிந்துவிடுவது அங்கு வழக்கம். ‘ஓசு’ என்று ஒதுக்கப்பட்டோர் பிறருடன் மணவுறவு கொள்ள முடியாது. ஒகொன்க்வோவின் வீட்டில் மூன்றாண்டுகள் வளர்ந்து, அவரைத் தந்தை என்றே அழைத்த இகெமெஃபுனா என்னும் சிறுவன் தெய்வவாக்கின் பெயரால் கொல்லப்படுகிறான். அக்கொலையில் கைவைக்க வேண்டாமென ஊர்ப் பெரியவரே எச்சரித்திருந்தும், கோழை என்று பேர் வந்துவிடுமோ என அஞ்சி ஒகொன்க்வோ வெட்டுகிறார். அவருடைய மகன் நுவோயேயின் உள்ளத்தில் ஏதோ ஒன்று அன்றே அறுந்துபோகிறது.

ம்பாண்டா ஊரில் பாதிரிமார் இடம் கேட்டபோது, சில நாட்களில் மாண்டுபோவார்கள் என்று நம்பிப் பெரியவர்கள் தீய காட்டைக் கொடுத்தனர். அவர்கள் மாளவில்லை. அந்தக் கூரையின் கீழ் முதலில் ஒதுங்கியோர் பட்டம் பெற்றவர்களல்லர். ஊர் மதிக்காதோர், இரட்டையரைப் பெற்றுப் பறிகொடுத்த தாய், நுவோயே, பின்னர் ஓசுக்கள். புதிய மதத்தின் கோட்பாடு நுவோயேக்கு விளங்கவில்லை என்பதையும் அச்சிபி சொல்லிவிடுகிறார். தன் ஊர் பதில் சொல்லாத கேள்விக்கு ஆறுதல் கிடைத்த இடத்துக்கு அவன் போனான். மதத்தைத் தொடர்ந்து நீதிமன்றமும் சிறையும் வந்தன. ஆட்சியின் கொடுமையை நாவல் எங்கும் தணித்துக் கூறவில்லை. அது நுழைந்த வாசலை மட்டும் நேர்மையாகக் காட்டுகிறது.

1964இல் வெளிவந்த அவருடைய மூன்றாம் நாவலில் இதே சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. உலு தெய்வத்தின் பூசாரி எசெயூலு, வெள்ளையரிடையே தமக்கு ஒரு கண் வேண்டுமென ஒரு மகனை அவர்களிடம் கற்க அனுப்புகிறார். ஆங்கிலேயர் தர முன்வந்த தலைவர் பதவியை மறுத்ததால் சிறைவைக்கப்படுகிறார். மீண்டு வந்ததும், தமக்குத் துணை நிற்காத ஊரின்மேல் கொண்ட மனத்தாங்கலோடு, புதுக்கிழங்கு விழாவுக்கு நாள் குறிக்க மறுக்கிறார். விளைந்த கிழங்கு மண்ணுக்குள் அழுகுகிறது. பசித்த ஊருக்குத் தேவாலயம் அறுவடை வழியைத் திறந்து வைக்கிறது. தெய்வத்தின் ஆணை எது, பூசாரியின் வன்மம் எது என்று பிரித்தறிய முடியாதபடி எழுதியிருப்பதே அந்நாவலின் வலிமை.

இவற்றைப் படிக்கும் தமிழ் முஸ்லிம் வாசகருக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் (1944–2019) நினைவு எழுவது இயல்பு. முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988இல் நூலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யிலும் ஓர் ஊர் உண்டு, அதன்மேல் அதிகாரம் செலுத்தும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி உண்டு, மக்களின் நம்பிக்கையைத் தம் வசதிக்குப் பயன்படுத்தும் தங்கள் உண்டு. ஆங்கிலக் கல்வி வந்து வாசலில் நிற்கும்போது, அது மார்க்கத்துக்கு விரோதமானது என்னும் குரல் எழுகிறது. தீனின் பெயரால் காக்கப்படுவது தீன்தானா, முதலாளியின் பெருவீடா என்பதே மீரானின் கேள்வி. எசெயூலுவின் விழா மறுப்பைப் படித்தவர்கள் இக்கேள்வியை உடனே இனங்காண்பர்.

வேறுபாடும் உண்டு. மீரானின் தேங்காய்ப்பட்டணம் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்த ஊர். அங்கே ஆங்கிலேய ஆட்சியாளன் நேரில் வந்து நிற்பதில்லை, அவனுடைய மொழி மட்டுமே வருகிறது. ஆகவே மீரானின் விமர்சனம் ஏறக்குறைய முழுவதும் உள்நோக்கியது. பள்ளிக்கூடம் கொண்டுவரும் இழப்பை அவர் அச்சிபி அளவுக்கு எடைபோடவில்லை என்றே தோன்றுகிறது. அந்த இழப்பை அறிய, செனகல் முஸ்லிம் எழுத்தாளர் ஷேக் ஹமீது கேன் 1961இல் பிரெஞ்சில் எழுதிய நாவலை நாடலாம். குர்ஆன் ஓதும் மக்தபிலிருந்து பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பப்படும் சம்பா தியாலோ, கல்வியைப் பெற்று நிம்மதியை இழக்கிறான்.

வெளியாரின் ஏளனம் ஓயாத காலத்தில் நம் குறைகளை நாமே எழுதலாமா என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. அச்சிபிக்கு இருந்த நெருக்கடி சிறிதன்று. நாவலின் முடிவில், ஒகொன்க்வோவின் வாழ்க்கை முழுவதையும் தம் நூலில் ஒரு பத்திக்குள் அடக்கத் திட்டமிடுகிறார் மாவட்ட அதிகாரி. இரட்டைக் குழந்தைகளை மறைத்திருந்தால் அச்சிபிக்குக் கிடைத்திருப்பது அப்பத்தியைத் தலைகீழாக்கிய இன்னொரு பத்தி, மனிதர் அல்லர். ஊரை உள்ளிருந்து நேசிப்பவன் சொல்லும் குறையும் வெளியே நின்று எண்ணுபவன் சொல்லும் குறையும் ஒன்றாகா. ஒகொன்க்வோவின் நண்பர் ஒபியெரிகா தாம் எறிந்த இரட்டையரை எண்ணி, அவை செய்த குற்றம் என்ன என்று தனிமையில் குழம்புகிறார். சீர்திருத்தத்தின் விதை ஊருக்குள்ளேயே இருந்தது. அது முளைக்கக் காலனியாட்சி அவகாசம் தரவில்லை.

அச்சிபி முழுமையாகக் கண்டுவிட்டார் என்பதற்கில்லை. 1929இல் இக்போ நிலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள், ஆங்கிலேயர் நியமித்த தலைவர்களையும் வரியையும் எதிர்த்துத் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் 50 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய பெண்களை அவருடைய தொடக்க நாவல்களில் காண்பது அரிது. ஃபுளோரா நுவாபா 1966இலும், புச்சி எமெசெட்டா 1979இலும் எழுதிய நாவல்களே அவ்விடத்தை நிரப்பின. நம்மிடையேயும், மீரானின் முதலாளிமார் வீடுகளின் உட்புறம் முழுதாகத் திறக்க, திருச்சி மாவட்டத் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை எழுத வேண்டியிருந்தது. அந்நூலைச் சமூகத்தின்மேல் சுமத்தப்பட்ட அவதூறு என்று தள்ளியவர்கள் இக்போ நாவல்களை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ஊர் காது கொடுக்காத குரல் அழிந்துபோவதில்லை, கேட்பவரைத் தேடி வேறிடம் போகிறது என்பதை நுவோயே அவர்களுக்குச் சொல்வான்.