உடையும் கண்ணாடிக்குக் காது கொடுக்கும் கருவி: ஹனிவெல் எஃப்ஜி-1625

ஜன்னலை உடைப்பவர் அறைக்குள் கால் வைக்கும் முன்பே அலாரத்தை எழுப்புவது கண்ணாடி உடைப்பு சென்சாரின் வேலை. அசைவைப் பார்க்கும் சென்சார், ஆள் உள்ளே வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். வீட்டார் நடமாடும் நேரத்தில் அதை அணைத்தும் வைக்க வேண்டும். கண்ணாடியின் ஓசையைக் கேட்கும் சென்சாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஹனிவெல் எஃப்ஜி-1625 இரண்டு ஒலிகளுக்காகக் காத்திருக்கிறது. அடி விழுந்ததும் கண்ணாடி முதலில் உள்நோக்கி வளைகிறது. அப்போது காதுக்குப் பெரிதாகப் படாத ஒரு தாழ்ந்த அழுத்த அலை எழுகிறது. அதையடுத்து நொறுங்கும் கூரிய ஓசை. இரண்டும் இதே வரிசையில் வந்தால்தான் அலாரம். சாவிக்கொத்து தரையில் விழுந்தால் கூரிய ஓசை மட்டும் உண்டு, வளைவு அலை கிடையாது. பொய் எச்சரிக்கை குறைவதன் ரகசியம் இதுதான்.

பொருத்துவது எளிது. கண்ட்ரோல் பேனலிலிருந்து 12 வோல்ட் மின்சாரத்துக்கு இரண்டு ஒயர், எச்சரிக்கைச் சுற்றுக்கு இரண்டு ஒயர். கடினமானது இடம் தேர்வதே. சென்சாரின் பார்வையில் கண்ணாடி நேராகத் தெரிய வேண்டும். எதிர்ச்சுவர், பக்கச்சுவர், கூரை மூன்றும் சரி. ஏசி காற்று வரும் வாய், சைரன் ஆகியவற்றின் அருகே வைக்கக் கூடாது. சமையலறை, குளியலறை போன்ற இரைச்சல் மிகுந்த சிறிய அறைகளும் இதற்கு ஆகாது.

அதிகபட்ச எல்லை 7.6 மீட்டர். சிறு சுவிட்சுகளால் அதை 4.6, 3, 1.5 மீட்டராகக் குறைக்கலாம். 7.6 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கனத்த திரைச்சீலை ஒலியை விழுங்கிவிடும். அத்தகைய ஜன்னலுக்குச் சென்சாரைத் திரைக்குப் பின்னால், சட்டத்திலேயே பொருத்துவது உத்தமம்.

சோதனையில்தான் கருவியின் தரம் வெளிப்படுகிறது. கைதட்டினால் பச்சை விளக்கு சிமிட்டும். மைக் உயிரோடு இருக்கிறது என்பதைத் தவிர அதற்குப் பொருளில்லை. முறையான சோதனைக்கு எஃப்ஜி-701 என்ற கையடக்கக் கருவி வேண்டும். அது சென்சாரைச் சோதனை நிலைக்கு மாற்றி, உடையும் ஓசையை ஒலிக்கும். மிகப் பயனுள்ளது அதன் வளைவுச் சோதனை: கருவியைக் கண்ணாடியருகே பிடித்து, மெத்தை சுற்றிய பொருளால் கண்ணாடியைத் தட்டினால், உண்மையான வளைவு அலையை உணர்ந்து நொறுங்கும் ஓசையைக் கருவியே சேர்த்துவிடும். எதையும் உடைக்காமல் இரண்டு ஒலிகளும் கிடைத்துவிடுகின்றன. திரைகளை மூடி, ஏசியை ஓடவிட்டு, ஜன்னலின் மிகத் தொலைவான மூலையிலிருந்து இதைச் செய்ய வேண்டும். காலி அறையில் தேறியதை வைத்து வேலையை முடித்துக்கொள்ளும் பொருத்துநர் பாதி வேலையே செய்கிறார்.

ஒரு பக்கம் 28 செ.மீ.க்குக் குறைந்த கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை. இரட்டை அடுக்கு, லேமினேட் கண்ணாடிகளில் இரண்டு தகடுகளும் உடைந்தால்தான் கணக்கு. கொக்கியை நெம்பி ஜன்னலைத் திறந்தால் இந்தச் சென்சார் ஊமை. திறக்கக்கூடிய ஒவ்வொரு ஜன்னலுக்கும் காந்த சென்சார் தனியாக வேண்டும். திறக்க முடியாத பெரிய கடை முகப்புக் கண்ணாடிகளுக்கோ இதைத் தயங்காமல் வாங்கலாம். புதுத் திரை, கம்பளம், பெரிய சோபா எது அறைக்குள் வந்தாலும் வளைவுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.