பேய்களும் வைத்தியர்களும்
‘பென்னி டிரெட்ஃபுல்’ தொடரை முன்வைத்து

விக்டோரியா கால இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு விற்ற மலிவுக் கதைப் பிரசுரங்களுக்குப் பெயர் ‘பென்னி டிரெட்ஃபுல்’. கொலை, கொள்ளை, ரத்தக் காட்டேரி எல்லாம் இருக்கும். உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள் விரும்பிப் படித்தார்கள். படித்துக் கெட்டுப்போவார்கள் என்று கனவான்கள் பதறினார்கள். ஜான் லோகன் உருவாக்கி, 2014 முதல் 2016 வரை மூன்று பருவங்களாக 27 பகுதிகள் ஒளிபரப்பான தொடர் இந்த இழிபெயரையே தலைப்பாக்கிக்கொண்டது. ஆனால் உள்ளே உலவுபவர்கள் யார்? ஃபிராங்கன்ஸ்டைன், டோரியன் கிரே, டிராகுலா. இலக்கிய வரலாற்றில் எப்போதோ இடம்பிடித்துவிட்டவர்கள். கீழோரின் பெயர், மேலோரின் சரக்கு. இந்த முரண் தொடர் நெடுக ஓடுகிறது.

பேய்க்கதையின் வழக்கமான இலக்கணம் நமக்குத் தெரிந்ததுதான். ஒழுங்கான உலகம் ஒன்று இருக்கும். வெளியிலிருந்து ‘மற்றது’ ஒன்று வந்து அதைக் குலைக்கும். அதைத் துரத்திவிட்டால் ஒழுங்கு மீளும். 1891இன் லண்டனில் தொடங்கும் இக்கதையாடல், தன் சிறந்த இடங்களில், இதைக் கவிழ்த்துப் போடுகிறது. மூன்றாம் பருவத்தின் நான்காம் பகுதி ஏறக்குறைய முழுக்க ஒரு மனநோய் விடுதியின் மெத்தைச் சுவர் அறைக்குள் நடக்கிறது. வனெஸாவின் முடியை வெட்டுகிறார்கள், தண்ணீரால் வதைக்கிறார்கள், அடுத்தது மண்டையில் அறுவை. சாத்தானும் அந்த அறைக்கு வரத்தான் செய்கிறான். ஆனால் நம்மை நடுங்கவைப்பது அவனல்ல. ‘இயல்புக்குத் திரும்பு, இல்லாவிட்டால் அறுப்போம்’ என்கிற மருத்துவம். பெண்ணின் இச்சை அங்கே நோயாகப் பெயரிடப்படுகிறது.

மருத்துவத்துக்கு உடல்கள் வேண்டும். யாருடைய உடல்கள்? 1832இன் உடற்கூறியல் சட்டம், உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் பிணங்களை அறுத்துப் படிக்க வழிவிட்டது. வறியோர் விடுதிகளில் செத்தவர்களே பெரும்பாலும் அந்த மேசைக்குப் போனார்கள். இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் புரோனாவைப் படிக்க வேண்டும். காசநோயில் கிடக்கும் ஐரிஷ் பாலியல் தொழிலாளியான அவளை வைத்தியன் ஃபிராங்கன்ஸ்டைனே மூச்சடக்கிக் கொல்கிறான். லில்லி என்று எழுப்பி, முன்பு தான் படைத்த உயிருக்கு மணப்பெண்ணாக்கப் பார்க்கிறான். எழுந்தவள் அடங்கவில்லை. தெருப்பெண்களைத் திரட்டி ஆண்களுக்கு எதிராகப் படை கட்டுகிறாள். உடனே வைத்தியம் மறுபடி வருகிறது, அவளைச் சாதுவாக்கும் மருந்தோடு. மருந்தைத் தருகிற ஜெகில் இத்தொடரில் இந்தியத் தாய்க்குப் பிறந்தவன், நிறத்துக்காக அவமானப்பட்டவன். ஒடுக்கப்பட்டவன் கையாலேயே ஒடுக்கும் கருவி தயாராவதை இவ்வளவு நேராகக் காட்டிய பிரதிகள் அதிகமில்லை.

இவ்வளவு தூரம் வந்த தொடர், அதற்குமேல் போகப் பயப்படுகிறது. லில்லியின் கலகம் டோரியன் கிரேயின் சலிப்பில் கலைந்துபோகிறது. ஆப்பிரிக்கரான செம்பேனே பெரும்பாலும் மௌனமாகவே நிறுத்தப்பட்டு, இரண்டாம் பருவத்தில் ஓநாய் மனிதனான ஈதனின் கையில் சாகிறார். அவரைப் புதைத்துத் துக்கம் காக்கும் உரிமைகூட, ஆப்பிரிக்காவைத் துப்பாக்கியோடு ‘கண்டுபிடித்த’ சர் மால்கமுக்கே போகிறது. கடைசியில் வனெஸா தானே வேண்டி, ஜெபம் சொல்லியபடி, அதே ஈதனின் குண்டுக்குச் சாகிறாள். விடுதியின் அறுவைக்குப் பணியாத பெண்ணைப் பலிபீடத்தில் பணியவைத்து ஒழுங்கை மீட்கிறார்கள். பழைய இலக்கணம் ஜெயித்தாகிவிட்டது.

ஒரு காட்சி மட்டும் இந்தத் தோல்விக்குத் தப்புகிறது. ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பு தன் பழைய மனைவியையும் மகனையும் தேடிக் கண்டடைகிறது. சிறுவன் நோயில் இறந்ததும், வைத்தியனிடம் கொண்டுபோய் உயிர்ப்பித்து வா என்கிறாள் தாய். அவன் மறுத்து, பிள்ளையைத் தேம்ஸ் நதியில் விடுகிறான். மேசையில் தைக்கப்பட்ட உடல் இன்னொரு ஏழை உடலை அந்த மேசைக்குத் தரமாட்டேன் என்கிறது. தொடரின் அரசியலை இங்கிருந்து படிக்கத் தொடங்கலாம், வனெஸாவின் சமாதியிலிருந்து அல்ல.