‘வொரி’ன்னா வெறும் கவலை தானா?

ஆங்கிலத்தில் ‘வொரி’ன்னா தமிழில் கவலை. பள்ளிக்கூடப் பையன் கையில் இருக்கிற சின்ன அகராதி பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறது. தப்பில்லை. ஆனா பாதிதான் வந்திருக்கு.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குக் கழுத்தை நெரித்தல் என்று பொருள். பிறகு, விலங்கு இரையின் தொண்டையைக் கவ்வி உலுக்குவதைக் குறித்தது. அப்புறம் மனுசனை மனுசன் தொல்லைப்படுத்துவதை. 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் இரையைக் கிழிப்பதும், கொடுமையாகத் துன்புறுத்துவதும்தான் உண்டு, மனக்கவலை கிடையாது. தனக்குள்ளேயே கிடந்து மருகுவது என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

பழைய பொருள் செத்துவிடவும் இல்லை. பிரிட்டனின் 1953-ஆம் ஆண்டுக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டத்தில், நாய் ஆட்டைத் துரத்துவதற்கும் கடிப்பதற்கும் இதே சொல்தான். சின்ன அகராதியை நம்பினால் ‘ஆட்டைக் கவலைப்படுத்திய நாய்’ என்றுதான் எழுதவேண்டிவரும்! எங்க மானகிரிப் பக்கம் ஆடு வளர்க்கிறவங்க ஒரே சொல்லில் முடிச்சிடுவாங்க: “குதறிருச்சு.”

சிரிக்கலாம். ஆனா ஒரு பெண் ஆங்கிலத்தில் புகார் எழுதுகிறாள், ஒருவன் தன்னை ஓயாமல் ‘வொரி’ பண்ணுகிறான் என்று. அதை ‘கவலைப்பட வைக்கிறான்’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? தொல்லை கொடுத்தவன், அவள் மனசை வருத்திய யாரோ ஒருத்தனாகத் தப்பிவிடுகிறான். அங்கே வேண்டிய சொல் ‘நச்சரிக்கிறான்’, ‘தொல்லை பண்றான்’. செய்தவனைக் காட்டும் சொல்.

நம்ம ‘கவலை’யின் கதையே வேற. பழந்தமிழில் அதே சொல் வழி கவர்த்துப் பிரியும் இடத்தையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன், கொடும்பையைத் தாண்டினால் மதுரைக்கு மூன்று வழி பிரியும் என்று கோவலனுக்குச் சொல்கிறானே, அப்படிப்பட்ட இடம். எந்தப் பக்கம் போறதுன்னு நிற்கிறவன் மனசுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலச் சொல்லில் கழுத்தில் பல் பதிகிறது. தமிழ்ச் சொல்லில் கால் தயங்குகிறது. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன, அவ்வளவுதான். குதறு, நச்சரி, கவலைப்படு என்று மூன்றையும் வரிசையாகக் கொடுக்க அகராதியில் ஒரு வரி போதும். இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.