தேநீர்ச்சாலையும் துப்பறிவாளரும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

துப்பறியும் கதைகளை இலக்கிய ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்திவைப்பது எம்மிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கமாகும். இவ்விடயத்தில் முற்போக்கு விமரிசகர்களும் மரபுவாதிகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவர்களாக இருக்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுத் துப்பறியும் நாவல்களைத் தழுவி எழுதினர் என ஓரிரு வரிகளிற் கூறி அப்பாற் செல்வதே எமது இலக்கிய வரலாறுகள் பலவற்றின் போக்கு. ஆயின், பெருந்தொகையான மக்கள் விரும்பிப் படிக்கும் ஓர் இலக்கிய வகை, அதனைத் தோற்றுவித்த சமூகத்தின் அச்சங்களையும் ஆறுதல்களையும் அறிவதற்குச் சிறந்த சான்றாகும். மார்க்சியப் பொருளியலறிஞர் ஏர்னெஸ்ட் மண்டேல் குற்றக்கதையின் சமூக வரலாற்றை ஆராய்ந்து 1984இல் ஒரு முழு நூலே எழுதினார் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் இந்நூற்றாண்டிற் பெருகியுள்ள ஒரு பாத்திரத்தை அறிமுகஞ் செய்து, அதன் சமூக அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தேநீர்ச்சாலையொன்றை நடத்திக்கொண்டே கொலைகளைத் துலக்கும் பெண்ணே அப்பாத்திரம். இரு படைப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, லோரா சைல்ட்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் 2001இல் வெளியிட்ட 'டெத் பை டார்ஜிலிங்', அதாவது 'டார்ஜிலிங்கால் வந்த மரணம்'. மற்றையது, இந்தோனேசியச் சீனரான ஜெசி சுதாந்தோ 2023இல் வெளியிட்ட, கொலைகாரர்களுக்கு வீரா வொங் கேளாமலே வழங்கும் அறிவுரை எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நாவல்.

2

துப்பறிவாளன் என்னும் பாத்திரம் எட்கார் அலன் போ 1841இல் எழுதிய கதையோடு உருப்பெற்றது என்பர். போவின் டூபான் வேலை செய்து பிழைப்பவன் அல்லன். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதன்முதலாக ஒரு முழுநாவலில் தோன்றியபோது, அவளும் தன் உழைப்பால் வாழவேண்டிய நிலையில் இருக்கவில்லை. பணிப்பெண் வீட்டைக் கவனிக்க, அவள் தோட்டத்திலிருந்தவாறே ஊரைக் கவனித்தாள். பிறரை உற்றுநோக்குவதற்கு வேண்டிய ஓய்வு, உழைப்பிலிருந்து விடுபட்ட வர்க்கத்தின் உடைமையாகவே அங்கு இருந்தது.

தேநீர்ச்சாலைத் துப்பறிவாளரின் வருகையோடு இந்நிலை மாறுகிறது. இவள் காலையிற் கடை திறப்பவள், கணக்குப் பார்ப்பவள், வாடிக்கையாளர் குறைந்தாற் கவலைப்படுபவள். அவளது ஆராய்ச்சிக் கூடமும் கடையே. சனங்கள் வந்து அமர்ந்து பேசுமிடம் அது. பேச்சிலிருந்தே துப்புகள் கிடைக்கின்றன. துப்பறியும் அறிவு ஓய்வுடைய வர்க்கத்திடமிருந்து சிறுவணிகரிடம் கைமாறியிருப்பது, இவ்வகைக் கதைகளின் முதலாவது சமூக உண்மை எனலாம். பெருநிறுவனங்களின் யுகத்தில், சொந்தக் கடையொன்றை வைத்து மானத்தோடு வாழலாம் என்ற குட்டி பூர்ஷுவாக் கனவுக்கு அவள் உருவங் கொடுக்கிறாள்.

3

சைல்ட்ஸின் கதாநாயகி தியோடோசியா பிரவுனிங். ஐக்கிய அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்துச் சார்ள்ஸ்டன் நகரில், பழைமை பேணப்படும் பகுதியிலே அவளது 'இன்டிகோ தேநீர்ச்சாலை' அமைந்துள்ளது. சந்தைப்படுத்தல் துறையில் நல்ல பதவி வகித்த அவள் அதனைத் துறந்து கடை வைத்தவள். தேயிலை நிபுணர் டிரேட்டன், பலகாரம் செய்யும் ஹேலி ஆகியோர் அவளோடு தொழில் செய்பவர்கள். எனினும் நாவல் அவர்களை ஒரு குடும்பமாகவே காட்டுகிறது. முதலாளி, தொழிலாளி என்ற உறவைக் குடும்ப உறவாக மாற்றிக் காட்டுவது இவ்வகைக் கதைகள் தரும் ஆறுதல்களில் ஒன்று.

பழைய மாளிகைகளைப் பார்வையிடும் உற்சவ இரவொன்றில், தோட்டத்தில் அமர்ந்து தேநீர் அருந்திய நிலச் சொத்து வணிகன் ஹியூஸ் பரன் இறந்துகிடக்கிறான். தேநீர் வழங்கியது இன்டிகோ தேநீர்ச்சாலை. அங்கு பணியாற்றும் இளம்பெண்மீது சந்தேகம் விழுகிறது. கடையின் நற்பெயரைக் காக்கவே தியோடோசியா துப்பறியத் தொடங்குகிறாள். கொல்லப்பட்டவன் பழைமையை அழித்துப் புதுக்கட்டடம் எழுப்ப விரும்பும் வணிகன் என்பது கவனிக்கத்தக்கது. பழைய சொத்துக்கும் புதிய மூலதனத்துக்குமிடையிலான முரண்பாட்டை நாவல் தொட்டுவிடுகிறது. எனினும் அம்முரண்பாடு கதையைத் தீர்மானிப்பதில்லை. அது சந்தேகத்துக்குரியோரின் பட்டியலை நீட்டவே பயன்படுகிறது.

சார்ள்ஸ்டன் எத்தகைய நகர்? வட அமெரிக்காவுக்கு இழுத்துவரப்பட்ட ஆபிரிக்க அடிமைகளில் மிகப் பெரும்பகுதியினர் இறக்கப்பட்ட துறைமுகம் அது. கடையின் பெயராகிய 'இன்டிகோ' அவுரிச் சாயத்தைக் குறிக்கும். 1740களில் அப்பிரதேசத்திற் பரவிய அவுரிச் செய்கை அடிமைகளின் உழைப்பிலேயே தங்கியிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிந்துசென்றபின் பிரித்தானியர் வங்காளத்தில் அவுரியைப் பயிரிடுவித்தனர். அங்கே 1859இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். 1860இல் தீனபந்து மித்திரரின் 'நீல் தர்ப்பண்' நாடகம் வெளிவந்தது. ஒரு கடையின் பெயர்ப்பலகையிலே இத்துணை வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. தென்னகத்துப் பெருந்தோட்ட வாழ்வின் எச்சங்களும் இத்தொடரில் உள: தியோடோசியாவின் குடும்பத்து மூத்த பெண்ணான லிபி வாழ்வது 'கேன் ரிட்ஜ்' என்னும் பழைய பெருந்தோட்ட இல்லத்தில். ஆனால் இவையனைத்தும் அழகிய பின்னணியாக அமைகின்றனவேயன்றி, விசாரணைக்குரிய தடயங்களாக அமைவதில்லை. நாவலின் இறுதியிற் சமையற் குறிப்புகள் தரப்படுகின்றன. தேயிலை அங்கு நுகர்பொருளாக முழுமை பெற்றுவிடுகிறது.

4

சுதாந்தோவின் நாவல் இதனின்றும் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியுள்ளது. அறுபது வயதான வீரா வொங், சான் பிரான்சிஸ்கோ நகரின் சீனர் குடியிருப்பிற் குடும்பத் தேநீர்ச்சாலையொன்றைத் தனியே நடத்துகிறாள். கணவன் இறந்துவிட்டான். சட்டத்தரணியான மகன் தாயின் செய்திகளுக்குப் பதிலனுப்பவும் நேரமில்லாதவன். வாடிக்கையாளரோ அருகிவிட்டனர். புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் பெயரைத் தன் கடைக்குச் சூட்டியிருப்பதிலேயே நலிந்த சிறுவணிகத்தின் அவலமும் நகைச்சுவையும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

1882இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நடைமுறையிலிருந்தது. தொழில்கள் பல மூடப்பட்ட நிலையிற் சலவைக் கடை, உணவுச்சாலை முதலான குடும்பத் தொழில்களே சீனக் குடியேறியோருக்குப் புகலிடமாயின. அதே காலத்தில், 1925இல், ஏர்ல் டெர் பிகர்ஸ் என்னும் வெள்ளையர் சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளனைப் படைத்தார். பழமொழி பேசும் அப்பாத்திரம் அமெரிக்க வாசகரின் கற்பனைச் சீனனாகவே பெரிதும் நின்றது. வீராவோ தன் சமூகத்தின் உள்ளிருந்து நோக்கப்படுகிறாள். குடியேறியவள், முதியவள், பெண் என்னும் மூன்று காரணங்களாலும் எவரும் பொருட்படுத்தாத ஒருத்தி, அப்புறக்கணிப்பையே கருவியாக்கி உண்மையைத் தேடுகிறாள். இது ஜனநாயகப் பண்புடைய மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஒருநாட் காலை வீராவின் கடையுள்ளே மார்ஷல் என்னும் இளைஞன் பிணமாகக் கிடக்கிறான். பொலிஸார் அசட்டையாக இருக்கின்றனர் எனக் கருதும் வீரா, பிணத்தின் கையிலிருந்த தடயத்தைத் தானே எடுத்து மறைத்துக்கொள்கிறாள். பின்னர் கடைக்கு வரும் நால்வரைச் சந்தேகிக்கிறாள். சந்தேகித்தவாறே அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். மார்ஷல் எத்தகையவன் என்பது மெல்லமெல்லத் துலங்குகிறது. ஓவியம் வரையும் சானாவின் படைப்புகளை அவன் வஞ்சகமாகக் கைக்கொண்டான். ரிக்கி எழுதிக் கொடுத்த கணினி நிரலுக்குரிய கூலியைக் கொடாது ஏய்த்தான். மனைவி ஜூலியாவின் வீட்டுழைப்பில் வாழ்ந்துகொண்டே அவளை இழிவுபடுத்தினான். சுருங்கக் கூறின், பிறர் உழைப்பை அபகரித்தவனே இங்கு பிணமாகக் கிடக்கிறான். துப்பறியும் கதை சுரண்டலை இத்துணை அண்மையில் அணுகுவது அரிது.

ஆயினும் அணுகிய இடத்திலேயே அது திரும்பிவிடுகிறது. அபகரிப்பு ஒரு சமூக உறவாகவன்றி ஒரு தீய மனிதனின் குணமாகவே காட்டப்படுகிறது. அவன் மறைந்ததும், ஏமாற்றப்பட்டோர் வீராவின் மேசையைச் சுற்றி ஒரு குடும்பமாகின்றனர். ரிக்கியின் உழைப்பை நாளை வாங்கப்போகும் இன்னொருவனைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. அன்பும் உணவும் தீர்வாகின்றன. அவை உண்மையான மனிதத் தேவைகளே. தனிமையால் வாடும் முதியவளின் ஏக்கத்தை ஏளனஞ் செய்வது மார்க்சிய விமரிசனம் ஆகாது. ஆனால் தேவை உண்மையானது என்பதால் தீர்வும் உண்மையானதாகிவிடாது.

5

இனி இவ்விரு கடைகளுக்கும் பொதுவான பொருளாகிய தேயிலையை நோக்குவோம். பண்டத்தின் சுவை அதனை விளைவித்தவர் யார், எந்நிலையில் விளைவித்தார் என்பதனைக் கூறுவதில்லை என்ற கருத்தை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் தொகுதியில் விளக்கியுள்ளார். அந்நூல் வெளிவந்தது 1867இல். அதே ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக நோக்கிலான தேயிலைச் செய்கையை ஆரம்பித்தார்.

வீராவும் டிரேட்டனும் தேயிலையின் மணத்தையும் நிறத்தையும் நுணுகி அறிந்தவர்கள். கோப்பையில் நஞ்சு கலந்தவர் யார் என்பதனைக் கண்டுபிடிக்க இவ்வறிவு உதவும். கோப்பையிலுள்ள கொழுந்தைக் கிள்ளியவர் யார் என்பதனைக் கண்டுபிடிக்க உதவாது. இவ்வகைக் கதையின் இயக்கம் முதலாவது கேள்வியால் மட்டுமே நடைபெறுகிறது.

தேயிலையோடு தொடர்புடைய மரணங்கள் கற்பனைக்குள் அடங்கியவை அல்ல. 1940 ஜனவரியில், கூலியுயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தத்தின்போது முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். 1955 ஜூன் 25ஆந் திகதி, டார்ஜிலிங் மாவட்டத்தின் மார்கரெட்ஸ் ஹோப் தோட்டத்திற் கோரிக்கைகளை முன்வைத்து ஊர்வலமாகச் சென்ற தொழிலாளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டதில் அறுவர் மாண்டனர். 'டார்ஜிலிங்கால் வந்த மரணம்' என்ற சொற்றொடரை இச்சம்பவத்தோடு வைத்து நோக்குமிடத்து, அது கடையலங்காரச் சிலேடையாக நிற்பதில்லை.

இம்மரணங்கள் துப்பறியும் கதைக்கு உகந்த பொருளாகாமைக்குக் காரணம் யாது? சுட்டவர் யார் என்பதில் இங்கு மர்மம் இல்லை. பகலில், பலர் முன்னிலையில் நிகழ்ந்தவை இவை. 'யார்?' என்ற வினாவுக்கு விடை உடனே கிடைத்துவிடுகிறது, 'எதனால்?' என்ற வினாவே எஞ்சுகிறது. அதற்கு விடைகூற ஒரு தனிமனிதனைச் சுட்டிக்காட்டினாற் போதாது. கூலி, தரகு, ஏற்றுமதி, உடைமை எனத் தொடரும் உறவுகளை வெளிக்கொணரவேண்டும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964), தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979) முதலிய நாவல்கள் மேற்கொண்ட பணி இதுவே. அவற்றில் மர்மம் இல்லை, விசாரணை உண்டு.

6

பொழுதுபோக்குக் கதையிடம் இத்தகைய வினாக்களைத் தொடுப்பது முறையா எனச் சிலர் கேட்கக்கூடும். இவ்வினாக்கள் வெளியிலிருந்து சுமத்தப்படுபவை அல்ல. மறைந்திருப்பதை வெளிக்கொணர்வேன், சிறு பொருளையும் தடயமாக மதிப்பேன் என்பது துப்பறியும் கதை தானாகவே வாசகருக்கு அளிக்கும் வாக்குறுதியாகும். கடை முழுவதிலும் நிறைந்திருக்கும் பொருளை மட்டும் அது தடயமாகக் கொள்ளாது விடுகிறது. வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியிலேதான் கருத்துநிலை தொழிற்படுகிறது.

எனவே இவ்வகைக் கதைகளை ஒதுக்கிவிடுமாறு நாம் கூறவில்லை. வீரா வொங்கின் தோற்றம், அறியப்படாதோரின் அறிவுக்கு மதிப்பளிக்கும் ஆற்றல் இவ்வடிவத்துக்கு உண்டு என்பதனைக் காட்டுகிறது. அவ்வாற்றல் கடையின் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதற்கு இலக்கிய விதி எதுவும் இல்லை. தேயிலைப் பெட்டியின்மீது பொறிக்கப்பட்ட தோட்டத்தின் பெயரை ஒரு தடயமாக வாசிக்கும் துப்பறிவாளர் தோன்றும்போது, குற்றம் என்ற சொல்லின் பொருளே விரிவடையும். அதுவரை அவ்வாசிப்பைச் செய்யவேண்டிய பொறுப்பு விமரிசகருடையது. தேயிலை விளையும் நாட்டு விமரிசகருக்கு அப்பொறுப்பு இருமடங்காகும்.